குசினிப் புகையும் வெளிக்காற்றும்: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது. 12.5 கிலோ சிலிண்டரின் விலை ஐயாயிரம் ரூபாயை நெருங்கியபோது, கோடிப்பக்கம் தூக்கிப் போட்ட விறகடுப்பு பல வீடுகளில் திரும்பவும் குசினிக்குள் வந்தது. காஸ் பிறகு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனாலும் அடுப்பு போகவில்லை. சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் விறகு, தேத்தண்ணிக்குக் காஸ் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

நான் ஆரையம்பதிப் பக்கம் அடுப்பும் புகைக்கூடும் கட்டுகிறவன், பழுதானதைத் திருத்துகிறவன். வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

புகைக்கூடு கட்டினோம், மேசன் நன்றாகத்தான் கட்டினார். ஆனாலும் புகை குசினிக்குள்ளேயே நிற்கிறது. புகைக்கூட்டை இன்னும் உயர்த்தவா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு சோதனை. அடுப்பை வழக்கம்போல மூட்டி, கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். புகை நிறைந்ததும் பின்கதவை ஒரு சாண் அளவு திறந்து விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் புகை மேலே ஏறத் தொடங்கினால் உங்கள் புகைக்கூட்டில் ஒரு குறையும் இல்லை. குசினிக்குள் காற்று வர வழியில்லை, அவ்வளவுதான்.

போத்தலுக்குள் இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிப் பாருங்கள். "குளுக் குளுக்" என்று விட்டு விட்டுத்தான் வரும். உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே தண்ணீர் வரும். குசினியும் அப்படித்தான். புகைக்கூட்டால் ஒரு வாளி புகை வெளியேறினால், ஒரு வாளி காற்று எங்கேயாவது உள்ளே வந்தாக வேண்டும். வர வழியில்லை என்றால் புகை அறைக்குள்ளேயே தங்கிவிடும். சில நேரம் புகைக்கூடே காற்று வரும் வழியாகி, ஏறிய புகையையும் சேர்த்துக் கீழே தள்ளும்.

நான் பார்க்கப் போன வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். அதுவும் பெரும்பாலும் நுளம்பால் வந்த கதை. டெங்குப் பயத்தில் சுவரின் மேலே காற்று வர விட்டிருந்த பூக்கல் ஓட்டைகளைச் சீமெந்து வைத்து அடைத்திருப்பார்கள். யன்னலுக்குக் கண்ணாடி போட்டிருப்பார்கள். கதவுக்குக் கீழே ரப்பர் பட்டி ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் "புகைக்கூடு இழுக்குதில்லை" என்று எனக்குத் தொலைபேசி வரும்.

ஒரு அடுப்புக்கு அவ்வளவு காற்றா வேண்டும்?

நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். அது 5 கன மீட்டர். இது கணக்குப்படி ஆகக் குறைந்தது. திறந்த அடுப்பில் எரியாமல் சும்மா பக்கத்தால் ஏறிப்போகும் காற்றையும் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

இனி உங்கள் குசினியை அளந்து பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிய திட்ட வீடு ஒன்றில், 8 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரமுள்ள குசினி என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் மொத்தக் காற்று 14 கன மீட்டர் சொச்சம். மத்தியானச் சமையலுக்கு 2 கிலோ விறகு எரித்தால், அறைக் காற்று முழுவதும் ஒன்றரை, இரண்டு தடவை மாற வேண்டும். அது எந்த வழியால் வரும் என்று யாரும் யோசித்து அந்தக் குசினியைக் கட்டவில்லை. அதனால்தான் அந்த வீடுகளில் பின்னால் தகரப் பத்தி இறக்கி, அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். படித்தவர்கள் வரைந்த வரைபடத்தை வீட்டுப் பெண்கள் திருத்தினார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எங்கட ஆச்சி எண்பது வயது வரைக்கும் புகைக்குள்ளதான் சமைச்சவ. அவவுக்கு ஒண்டும் நடக்கல்லையே?

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. ஆச்சியின் குசினி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வீட்டை விட்டுத் தள்ளி ஒரு கொட்டில். சுவர் இடுப்பளவு மண், அதற்கு மேலே வரிச்சு அல்லது கிடுகு. கூரையும் கிடுகு. காற்று நாலு பக்கத்தாலும் வரும், புகை கூரையின் கண்களால் கசியும். அடுப்புக்கு மேலே பரண், அதில் விதை நெல், தேங்காய், சுரைக்குடுவை. புகை பட்டதால் கூரையில் பூச்சி பிடிக்கவில்லை, விதையில் வண்டு விழவில்லை. ஆச்சியின் அடுப்புக்கு வெளிக்காற்று தாராளமாக இருந்தது. அதே அடுப்பைச் சீமெந்துப் பெட்டிக்குள் வைத்தது நாங்கள்.

அப்புறம், ஒன்றும் நடக்கவில்லை என்பதும் முழு உண்மையல்ல. ஆச்சிமாரின் தீராத இருமலையும் கண்ணில் விழுந்த வெள்ளையையும் வயசுக் கணக்கில் எழுதிவிட்டோம். வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புகளின் புகையால் 2020இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம், பிள்ளைகளுக்கு நிமோனியா எல்லாம் அதில் அடங்கும்.

சரி, யன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

திறந்திருக்கும் வரை போதும். மழை அடித்தால் சாத்துவீர்கள், பொழுது பட்டால் நுளம்புக்குச் சாத்துவீர்கள், மீன் பொரிக்கும்போது பூனைக்குச் சாத்துவீர்கள். இன்னொன்று, யன்னல் உயரத்தில் வரும் காற்று அடுப்புக்கு நேரே போகாது. ஏறும் புகையைக் குறுக்கே வெட்டி முகத்தில் அடிக்கும். காற்று தாழ்வாக, அடுப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அப்படியானால் துளை எங்கே போட வேண்டும், எவ்வளவு பெரிசு?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை விடுவது இங்கேதான்.

காற்று வரும் வழியின் பரப்பு, புகை போகும் வழியின் பரப்பை விடக் குறையக் கூடாது. 6 அங்குலப் புகைக்குழாயின் வாய் 28 சதுர அங்குலம். 4 அங்குலப் பிவிசி குழாயின் வாய் 12.5 சதுர அங்குலம். இரண்டு குழாய் போட்டால் 25, அது 28க்குக் காணாது. வலை போட்டதும் அதிலும் குறையும். ஆகவே மூன்று. "ஒரு நாலு அங்குல ஓட்டை போட்டேன், சரிவரவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இடம்: அடுப்புத் திண்ணைக்குக் கீழே அல்லது அதன் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து ஒரு அடிக்கு மேலே. சமைப்பவரின் காலைக் குறுக்கே காற்று வெட்டாமல் பாருங்கள், இல்லாவிட்டால் மார்கழி மாதத்தில் அவரே பழந்துணி வைத்து அடைத்துவிடுவார். 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் அடையாளம் இருக்கும் வீடுகளில், குழாய் அதற்கு மேலே இருக்கட்டும்.

குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வந்த மழைத்தண்ணீர் திரும்பி ஓடும். வெளிவாயில் ஒரு முழங்கைத் துண்டு பொருத்திக் கீழ்நோக்கித் திருப்புங்கள். உள்வாய் நெருப்பிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளியிருக்கட்டும், பிவிசி சூட்டில் இளகிவிடும். மலகூடக் குழியின் காற்றுக்குழாய், ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம், இவற்றுக்குப் பக்கத்தில் வாய் வைக்காதீர்கள்.

வலைக்கு நுளம்பு வலை வேண்டாம். அந்தச் சின்னக் கண்கள் தூசியும் கரியும் பிடித்து ஒரே மாதத்தில் அடைந்துவிடும். கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை போடுங்கள். எலியும் பாம்பும் வராது. நுளம்புக்கு, உள்வாயில் ஒரு மூடி. சமைக்கும்போது திறந்து, முடிந்து தணல் ஆறியதும் மூடுவது. அடுப்பு எரியும்போது மூடி திறந்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மார்கழியில் நன்றாக இழுக்கிற புகைக்கூடு ஆடியில் ஏன் திருப்பி அடிக்கிறது?

எங்கள் பகுதிக்கே உரிய கேள்வி இது. கார்த்திகை தொடக்கம் தை மாசி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று மேற்கே இருந்து, வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரை வெளிகளைத் தாண்டிச் சூடாக வரும். காற்று முட்டும் சுவரில் துளை இருந்தால் காற்று உள்ளே தள்ளும். காற்றுக்கு முதுகைக் காட்டும் சுவரில் துளை இருந்தால், காற்று உள்ளே வருவதற்குப் பதில் வெளியே இழுபடும். கிழக்குச் சுவரில் மட்டும் துளை போட்ட குசினி வாடைக்கு நன்றாக வேலை செய்யும். கச்சான் எழும்பியதும் அதே துளை குசினிக் காற்றை உறிஞ்சும், புகை கீழே இறங்கும்.

எனவே முடிந்தால் இரண்டு சுவரில் போடுங்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, இரண்டுக்கும் மூடி. மேலே சொன்ன பரப்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒன்றைத் திறந்து மற்றதைச் சாத்துவது. காத்தான்குடியில் ஒரு வீட்டில் இதைச் செய்து கொடுத்தபோது அந்த வீட்டு உம்மா, "அப்ப வருஷத்துக்கு ரெண்டு தரம் காத்துக்குக் கதவு மாத்துற, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான்.

புகைக்கூட்டின் உயரமும் இதில் சேர்த்தி. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே போக வேண்டும். சுற்றிவர 10 அடித் தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடு எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் மாமரம் கவிந்திருந்தால் கொப்பை வெட்டுங்கள். கடற்கரை வீடுகளில் தகரக் குழாய் உப்புக் காற்றில் கெதியாக அரித்துப் போகும், செங்கல்லே நல்லது. கூரை அஸ்பெஸ்டோஸ் என்றால் அதை வெட்டித் துளைப்பதை நான் தவிர்ப்பேன். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது. சுவரால் வெளியே எடுத்து, வெளிச்சுவரோடு மேலே ஏற்றலாம்.

எக்ஸோஸ்ட் ஃபேன் போட்டால் பிரச்சினை தீருமா?

காற்று வரும் வழி இல்லாமல் போட்டால் பிரச்சினை கூடும். இதை நான் என் சொந்தக் குசினியில் காசு கொடுத்துப் படித்தேன். யன்னலுக்கு மேலே ஃபேன் பூட்டிய முதல் நாள், பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றத் தொடங்கிய கையோடு புகைக்கூட்டின் வாயால் சாம்பலும் கரித்தூளும் கொட்டுண்டன, பிட்டுக்குழல் கறுப்பு. மனைவி ஃபேனையும் பார்க்கவில்லை, புகைக்கூட்டையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா.

காரணம் இது. 10 அடிப் புகைக்கூட்டுக்குள் சராசரிச் சூடு 100 பாகை, வெளியே 30 பாகை என்றால், அது இழுக்கும் அழுத்தம் 6 பாஸ்கல் சொச்சம். ஃபோட்டோக்கொப்பித் தாள் எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தால் மேசை தாங்கும் அழுத்தம்தான் அது. அடைத்த அறைக்குள் சுற்றும் ஒரு ஃபேன் அதை இலேசாக வென்றுவிடும். குளிர் நாட்டுப் புகைக்கூடுகள் நன்றாக இழுப்பதற்கு வெளிக் குளிரும் ஒரு காரணம். எங்கள் வெக்கையில் அந்த உதவி இல்லை, அதனால் காற்று வரும் வழியில் நாங்கள் கஞ்சத்தனம் பண்ண முடியாது.

ஃபேன் வேண்டுமென்றால் முதலில் துளை, பிறகு ஃபேன். போட்ட பின் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகைக்கூட்டு வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்தால் சரி. உங்கள் பக்கம் சாய்ந்தால் ஃபேனை நிறுத்துங்கள்.

உமி அடுப்புக்கும் இது பொருந்துமா? சம்மாந்துறை ஆலையில் உமி எடுக்கலாம்.

இன்னும் கூடப் பொருந்தும். 100 கிலோ நெல் குற்றினால் 20 கிலோ அளவில் உமி வரும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் ஆலைகளுக்குக் குறைவில்லை. தகர வாளியில் நடுவே போத்தல் நிறுத்தி, சுற்றிவர உமியை இடித்து, போத்தலை உருவி, கீழ்த்துளையால் மூட்டும் அடுப்பு பலருக்குத் தெரிந்ததே. இறுக்கி இடித்தால் மூச்சு முட்டும், தளர்த்தி இடித்தால் சரிந்து விழும். அந்தக் கை எனக்கு வர ஒரு மாதம் பிடித்தது.

இந்த அடுப்பு முழுக்கக் கீழ்த்துளைக் காற்றை நம்பியது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அது பெரும்பாலும் சிலிக்கா, எரிந்த பின்னும் உமியின் உருவத்திலேயே நிற்கும். அது சரிந்து துளையை அடைத்ததும் சுவாலை அணைந்து புகைச்சல் தொடங்கும். ஒரு கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடைக்கிடை துளையைக் கிண்டி விடுங்கள். சுவரில் போட்ட காற்றுக்குழாய்க்கு நேரே வாளியின் கீழ்த்துளை இருக்கும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது. மூடிய குசினியில், புகைக்கூட்டுக்குக் கீழே அல்லாமல் உமி அடுப்பை வைக்க வேண்டாம்.

கனடாவில் மகள் வீட்டில் பெலட் அடுப்பு இருக்கிறது. அதற்கும் வெளியே இருந்து குழாய் போடுகிறார்களாமே?

ஆம், இதே விஷயம்தான், அங்கே கூடுதல் கச்சிதமாக. மரத்தூளை அழுத்தி 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்பில் குச்சித் துண்டுகளாகச் செய்ததுதான் பெலட். ஈரம் பத்து வீதத்துக்கும் குறைவு. அடுப்புக்குள் ஒரு திருகு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, சின்ன விசிறி ஒன்று புகையை வெளியே இழுக்கும்.

குளிர் புகாமல் இறுக்கி அடைத்த வீடுகள் அவை. அடுப்பு அறைக் காற்றை எரித்தால், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று புகைக்குழாயால் போய்விடும், அந்த இடத்துக்குக் கதவிடுக்கால் குளிர்காற்று வரும். சமையலறை ஃபேனும் சேர்ந்து இழுத்தால் அடுப்புக்குக் காற்றுப் போதாமல் நெருப்பு மங்கி, கண்ணாடி கறுக்கும். அதனால் சுவரால் ஒரு குழாயை நேரே அடுப்பின் முதுகில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். மகள் வீட்டில் அது இல்லையென்றால் பிறகு சேர்க்கலாம். அந்த அடுப்பின் கையேடு சொல்லும் அளவில், உலோகக் குழாயால், வளைவுகளைக் குறைத்து, வெளிவாயைப் புகைவாயிலிருந்து விலக்கி, பனி மூடாத உயரத்தில். பிளாஸ்டிக் குழாய் கூடாது, கூரைக்குள்ளிருந்து காற்று எடுக்கவும் கூடாது. அங்கே காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வீட்டில் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்று இறக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம். அது வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. நமக்குத் தேவை அதன் குழாய் மட்டும்.

பிள்ளைப்பெற்ற அறையில் மழைக்காலத்தில் சிரட்டைத் தணல் வைக்கலாமா?

கதவு சாத்தியிருக்கும் அறையில் கூடாது. தணலில் புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். தணலிலிருந்துதான் காபன் மொனொக்சைட் நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல் வரும், "பித்தம்" என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்போம். அடுத்தது மயக்கம். சாம்பிராணி காட்டுவதென்றால் கதவைத் திறந்து வைத்துக் காட்டி, சட்டியைக் கையோடு வெளியே கொண்டுபோங்கள். அப்படி யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாங்கள் காஸ் மட்டும்தான். எங்களுக்குத் துளை தேவையா?

தேவை, அதுவும் தாழ்வாக. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். மேலே இருக்கும் யன்னலால் அது போகாது.

வாடகை வீடு, சுவர் துளைக்க விடமாட்டார்கள்.

பின்கதவின் அடியில் ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள். 30 அங்குலக் கதவென்றால் 30 சதுர அங்குலம், 6 அங்குலப் புகைக்குழாய்க்குச் சரியாகக் காணும். தூங்கும்போது சாக்கை உருட்டி வைத்து அடைக்கலாம். அதுவும் முடியாதென்றால் அடுப்பை வெளியே பத்திக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாம் செய்தும் புகைக்கிறது.

விறகைப் பாருங்கள். பச்சை மரத்தில் பாதிப் பாரம் தண்ணீர். கிளிரிசீடியாவோ மரமுந்திரிகையோ, பிளந்து, மழை படாமல் ஆறு மாதம் அடுக்கி வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கும். மாரிக்கு வேண்டிய விறகைப் பங்குனி சித்திரையிலேயே பிளக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு "மறுகா பார்ப்பம்" என்றால் கண்ணீர்தான்.

அடுத்தது, மூட்டும் முறை. குளிர்ந்து கிடக்கும் புகைக்கூட்டில் இழுவை இருக்காது. காய்ந்த தென்னோலை ஒரு பிடியைக் கொளுத்திப் புகைக்கூட்டின் அடியில் அரை நிமிஷம் பிடித்துவிட்டு அப்புறம் விறகை மூட்டுங்கள்.

அதற்கும் சரிவரவில்லையென்றால் குழாயின் வெளிவாயைப் போய்ப் பாருங்கள். போன வருஷம் களுவாஞ்சிக்குடியில், நான்கு மாதம் நன்றாக வேலை செய்த மூன்று குழாய் திடீரென்று நின்றுவிட்டதாகக் கூப்பிட்டார்கள். போய் முழங்கைத் துண்டைக் கழற்றினேன். மூன்றிலும் குளவி மண்கூடு கட்டியிருந்தது, வலையோடு சேர்த்து, மேசன் பூசியது மாதிரி.